வலி வருமுன் கொடுக்கும் மருந்து: சிசிலி சாண்டர்ஸின் வாழ்க்கை

1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் திகதி லண்டன் வைத்தியசாலை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்பவர் இறந்துபோனார். வயது 40. போலந்து நாட்டு யூதர். வார்சாவிலிருந்து வந்து, லண்டனில் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். சத்திரசிகிச்சை செய்ய முடியாத நிலைக்குப் போன புற்றுநோய். அந்தப் பெரிய நகரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. கடைசி இரண்டு மாதங்களில் அவரை இருபத்தைந்து தடவை அளவில் போய்ப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். வைத்தியசாலையின் சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ். அப்போது அவருக்கு வயது 29.

இறக்கும்போது டாஸ்மா தன்னிடம் இருந்த 500 பவுண்களை சிசிலிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். சாகப்போகிறவர்கள் வலியில்லாமல் இருக்கக்கூடிய ஒரு வீட்டைக் கட்டுவது பற்றி இருவரும் பேசியிருந்தார்கள். அந்த வீட்டில் தான் ஒரு யன்னலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த யன்னலைச் சுற்றி ஒரு வீடு எழும்ப 19 வருடங்கள் எடுத்தது.

சிசிலி சாண்டர்ஸ் மேற்குலகில் நன்கு அறியப்பட்ட பெயர். ஹொஸ்பிஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அவருடைய வாழ்க்கையை நான் தேடி வாசிக்கத் தொடங்கியது வில்கமுவவில் ஒரு வீட்டுக்குப் போய் வந்த பிறகு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1918 யூன் 22 இல் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பிறந்தார். தகப்பன் காணி, வீடு விற்பனைத் துறையில் இருந்த வசதிக்காரர். வீட்டில் பணம் இருந்தது, நிம்மதி இருக்கவில்லை. பெற்றோர் ஒத்துப்போகாதவர்கள், பின்னாளில் பிரிந்தவர்கள். சிசிலி வயதுக்கு மீறிய உயரம், கூச்ச சுபாவம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பாடசாலையில் தனித்து நின்ற பிள்ளை அவர். 1938 இல் ஒக்ஸ்போர்டில் அரசியல், தத்துவம், பொருளியல் படிக்கச் சேர்ந்தார். அடுத்த வருடம் யுத்தம் தொடங்கியது. குண்டுகள் விழும் நாட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டாரின் விருப்பத்தை மீறி, 1940 இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக்குப் போனார்.

தாதி வேலை அவருக்குப் பிடித்திருந்தது, முதுகு விடவில்லை. நோயாளரைத் தூக்கிப் புரட்டும் வேலைக்கு அந்த முதுகு சரிவராது என்று சொல்லி 1944 இல் நிறுத்தினார்கள். ஒக்ஸ்போர்டுக்குத் திரும்பிப் பட்டம் முடித்து, வைத்தியசாலைச் சமூகப் பணியாளராக மீண்டும் சென் தோமஸுக்கே வந்தார். அங்கேதான் டாஸ்மாவைச் சந்தித்தார்.

டாஸ்மா இறந்த பின் சிசிலி தன் ஓய்வு நேரத்தில் பேஸ்வோட்டரில் இருந்த சென் லூக்ஸ் என்ற இல்லத்துக்குத் தொண்டராகப் போகத் தொடங்கினார். 1893 இல் சாகும் தறுவாயில் இருக்கும் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட இல்லம் அது. பெரிய வைத்தியசாலைகளில் இல்லாத ஒரு பழக்கம் அங்கே இருந்தது. புற்றுநோய் நோயாளிகளுக்கு மோர்பின் கலந்த பாணி மருந்தை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

இன்று வாசிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் காலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடைமுறை வேறு. நோயாளி வலியில் துடித்துத் தாதியைக் கூப்பிட வேண்டும். தாதி வைத்தியரின் குறிப்பைப் பார்த்து, போன ஊசி எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டு, முடிந்தால் ஊசி போடுவார். மருந்து வேலை செய்யும்வரை துடிப்பு நிற்காது. நின்ற கொஞ்ச நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கும். அதற்குள் அடுத்த வலி பற்றிய பயம் தொடங்கிவிடும். பயம் வலியைக் கூட்டும், கூடின வலிக்குக் கூடுதல் மருந்து வேண்டும். அப்படிக் கெஞ்சிக் கேட்கும் நோயாளியைப் பார்த்து, இவர் போதைக்கு அடிமையாகிவிட்டார் என்று வைத்தியர் முடிவு செய்வார். நோயாளியைக் கெஞ்ச வைத்ததே அந்த முறைதான் என்பதை சிசிலி கண்டுகொண்டார். வாயால் எடுக்கும் சாதாரண மோர்பின் உடலில் வேலை செய்வது ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். முதல் வேளையின் வேகம் இறங்குமுன் அடுத்த வேளையைக் கொடுத்தால் வலி தலைதூக்காது. வலி தலைதூக்காவிட்டால் பயம் இல்லை, கெஞ்சல் இல்லை, தேவைப்படும் மருந்தின் அளவும் பல சமயங்களில் குறைவு.

இதைச் சொன்னவர் முன்னாள் தாதி, இந்நாள் சமூகப் பணியாளர். வைத்தியர்கள் காது கொடுப்பார்களா? அவர் வேலை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரெட், சாகும் நோயாளிகளைக் கைவிடுவது வைத்தியர்கள்தான், ஆகவே நீயும் வைத்தியராகப் படித்துவிட்டு வா என்ற பொருள்பட ஆலோசனை சொன்னார். 1951 இல், 33 வயதில், மருத்துவ மாணவியாகச் சேர்ந்தார் சிசிலி. 1957 இல் வைத்தியரானார்.

அடுத்த ஏழு வருடங்கள்தான் அவருடைய வாழ்க்கையின் மையம் என்று நான் நினைக்கிறேன். பின்னால் வந்த பட்டங்களும் விருதுகளும் அதற்குப் பிறகுதான். 1958 முதல் கிழக்கு லண்டன் ஹக்னியில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் நடத்திய சென் ஜோசப் இல்லத்தில் ஆராய்ச்சி வைத்தியராக வேலை செய்தார். அன்பான இடம், ஆனால் முறையான நோயாளர் குறிப்பேடு இல்லை. சிசிலி குறிப்பெழுதும் முறையைக் கொண்டுவந்தார். நேரந்தவறாமல் மோர்பின் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நோயாளிகளின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களைச் சேர்த்தார். சரியாகக் கொடுத்தால் அளவு கட்டுக்கடங்காமல் ஏறிப்போவதில்லை, நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை, பேசுகிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்கிறார் என்று எண்களோடு அவரால் சொல்ல முடிந்தது.

அந்தப் பதிவுகளிலிருந்துதான் முழு வலி என்ற அவருடைய கருத்தும் வந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நோயாளிகள் முதுகில் தொடங்கி, வீட்டு வாடகை, தனியே நிற்கப்போகும் பிள்ளை, கடவுள் மீதான கோபம் எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் ஒரே வலியின் பகுதிகள் என்றார் சிசிலி. ஊரை விட்டு ஓடி வந்த ஒருவருக்கோ, காணாமல் போன பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் தாய்க்கோ இதை விளக்கத் தேவையில்லை. புற்றுநோய் வருமுன்னரே அவர்கள் உடம்பில் ஒரு வலி குடியிருக்கிறது.

இனி வில்கமுவ. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வஸ்கமுவ காட்டை ஒட்டிய, நெல் விளைகிற, யானை வருகிற பிரதேசம். பெரும்பாலும் சிங்கள மக்கள். யானை வேலி பற்றி எழுதுவதற்காக அங்கே போயிருந்தேன். அங்குள்ள அரிசி ஆலையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், பார்க்கப் போனேன். வீட்டில் மாமனார் படுத்திருந்தார். மாத்தளைத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய், அங்கே காடு வெட்டிக் காணி எடுத்து, 2009 இல் எல்லாவற்றையும் விட்டு நடந்து, மெனிக் பாமில் இருந்து, கடைசியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். மல்டிபிள் மயலோமா என்றார் மகள். இரத்தப் புற்றுநோய்களில் ஒன்று. எலும்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். முள்ளந்தண்டு நொறுங்கும். இருமினால் விலா எலும்பு முறியலாம். இரத்தப் புற்றுநோய்களுக்குள் வலி அதிகமானதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் ஐயாவுக்கு மோர்பின் குளிசை கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் அப்படியே இருந்தது. உறையில் எழுதியிருந்தது சிங்களத்தில், ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மொழி மட்டும் காரணமில்லை. மருமகன் வாசித்துச் சொல்லியிருக்கிறார். தாங்கவே முடியாத இரவில் மட்டும் ஒன்றை எடுப்பாராம். இதைவிட மோசமான நாள் வரும், அன்றைக்கு வேண்டும் என்று மிச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

அவர் எங்கிருந்து இதைப் படித்தார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் இருந்தவர்கள் எல்லோரும் படித்த பாடம் அது. பாடசாலைகளிலும் மரத்தடிகளிலும் இயங்கிய வைத்தியசாலைகளுக்கு, சத்திரசிகிச்சைக்கான பொருட்கள் உட்பட, தேவையான மருந்துகள் வர விடப்படவில்லை என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த நிலையில் மருந்து பிழைக்கக்கூடியவனுக்கு முதலில் போகும். இருப்பதைச் சேமிக்க வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டும். அங்கே அது சரியான கணக்குத்தான். மாதாமாதம் மருந்து கிடைக்கும் இடத்திலும் அதே கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. மோர்பின் கொடுத்தால் ஆள் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்ற பயம். இது எங்கள் சனத்திடம் மட்டுமில்லை, உலகம் முழுக்க இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் அந்த மருந்தைக் கொடுத்தால் அது எமனின் தூதாகத்தான் தெரியும். தேவைப்படும்போது ஆரம்பித்து, சிகிச்சையால் நோய் அடங்கினால் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தவும் முடிகிற மருந்து அது. மயலோமாவில் இது அடிக்கடி நடக்கும். ஊசி மருந்தோ கதிர்ச் சிகிச்சையோ எலும்பில் வேலை செய்யத் தொடங்கினால் மோர்பின் தேவை இறங்கிவிடும்.

இரத்தப் புற்றுநோய்க்காரர் சாதாரண வலிக் குளிசையோடு சமாளிக்க ஏன் முடியாது என்று சிலர் கேட்பார்கள். பாமசியில் வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரோபன் வகைக் குளிசைகள் இவர்களுக்கு ஆபத்தாகலாம். இரத்தச் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்திருக்கும், இந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். மயலோமா சிறுநீரகத்தையும் பாதிக்கும் நோய், இவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கீமோ எடுப்பவர் தொடர்ந்து பனடோல் போட்டுக்கொண்டிருந்தால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமித் தொற்றுத் தெரியாமலே முற்றிவிடும். தசையில் ஊசி போட்டால் இரத்தம் கட்டும். இப்படி ஒவ்வொரு கதவாக அடைபட்ட பிறகு திறந்திருப்பது மோர்பினும் அதன் குடும்பத்து மருந்துகளும்தான்.

வில்கமுவவில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அதிகம் காணப்படும் பிரதேசங்களில் அதுவும் ஒன்று. மோர்பினின் கழிவுகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதானால் அவை உடம்பில் தேங்கி, தூக்கமும் குழப்பமும் தசைத் துடிப்பும் வரும், மூச்சு மந்தமாகலாம். ஆகவே சிசிலியின் நான்கு மணிக் கணக்கை அப்படியே பிரதி பண்ண முடியாது. அளவைக் குறைக்க வேண்டும், இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது பென்ரனில் ஒட்டுப்பட்டை போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கிற வைத்தியர்தான். நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை.

ஐயாவின் மகள் அடுத்த கிளினிக்கில் ரின்னோடு போய் எல்லாவற்றையும் சொன்னார். வைத்தியர் அளவைக் குறைத்து, வேளைகளை மாற்றி எழுதினார். தமிழ் தெரிந்த ஒரு தாதி அந்த நேரங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். மலச்சிக்கலுக்கு ஒரு பாணி மருந்தும் சேர்ந்து வந்தது. மோர்பின் எடுக்கும் அநேகமாக எல்லோருக்கும் அது தேவைப்படும், பலர் மோர்பினைப் பாதியில் விடுவதே அந்தத் தொல்லையால்தான். இரண்டு கிழமைக்குப் பிறகு போன் எடுத்தபோது, அப்பா நித்திரை கொள்கிறார் என்று மகள் சொன்னார். பிறகு, மெனிக் பாமில் இருந்த காலத்தைப் பற்றி முதல்தடவையாகப் பேசுகிறார் என்றும் சொன்னார்.

சிசிலியின் கதைக்குத் திரும்புவோம். 1960 இல் சென் ஜோசப் இல்லத்தில் இன்னொரு போலந்துக்காரரைச் சந்தித்தார், பெயர் அந்தோனி மிச்னியேவிச். மனைவியை இழந்தவர், புற்றுநோயோடு வந்தவர். இருவருக்கும் இடையில் காதல் ஏற்பட்டது. வாட்டில், மற்ற நோயாளிகளுக்கு நடுவே, சில வாரக் காதல். அந்த வருடமே அவர் இறந்தார். அடுத்த வருடம் தகப்பனும் இறக்க, சிசிலி நீண்ட காலம் துக்கத்தில் இருந்தார். நோயாளியோடு வைத்தியர் இவ்வளவு நெருங்கலாமா என்ற கேள்வி இன்று எழும், எழ வேண்டியதும்தான். ஆனால் இறந்தவருக்குப் பின் நிற்கிற குடும்பத்தின் துக்கமும் வைத்தியத்தின் பொறுப்பு என்று அவர் பின்னாளில் வற்புறுத்தியது புத்தகம் படித்து வந்ததல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது.

1967 இல் தென் லண்டன் சிடனத்தில் சென் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் யன்னல் வாசலருகே வைக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடி. 1969 இல் தாதியர் வீடுகளுக்குப் போய் நோயாளரைப் பார்க்கும் சேவை தொடங்கியது. கட்டடத்தைவிட அந்தச் சேவைதான் எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். லண்டன் ஹொஸ்பிஸைப் பிரதி பண்ண எங்களிடம் பணம் இல்லை. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தவர்கள் அயலவரையும் தொண்டர்களையும் பழக்கி, வீடு வீடாகப் போகும் முறையை வளர்த்தார்கள். வில்கமுவவுக்கும் முல்லைத்தீவுக்கும் அதுதான் வழி.

சென் கிறிஸ்டோபரில் ஆராய்ச்சியும் நடந்தது. 1971 இல் அங்கே வந்த வைத்தியர் ரொபட் டுவைகுரொஸ், அதுவரை உயர்ந்ததாகக் கருதப்பட்ட ஹெரோயின் கலவையையும் மோர்பினையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வாயால் ஒழுங்காகக் கொடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. ஹெரோயினும் கொக்கெயினும் மதுவும் கலந்த பழைய பாணியை விட்டுவிட்டு, தண்ணீரில் கரைத்த வெறும் மோர்பினே போதும் என்ற நிலை வந்தது. ஏழை நாடுகளுக்கு இதன் பெறுமதி மிகப் பெரிது. மோர்பின் மலிவான மருந்து. 1986 இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, வாயால் கொடு, மணிக்கூட்டின்படி கொடு என்பவை அதன் அடிப்படைகளாக இருந்தன. சென் லூக்ஸில் சிசிலி பார்த்ததும் அதுவே.

மலிவாக இருந்தும் மருந்து போய்ச் சேரவில்லை. 2017 இல் லான்செட் ஆணைக்குழு போட்ட கணக்கின்படி, உலகில் வருடமொன்றுக்கு விநியோகிக்கப்படும் மோர்பினுக்குச் சமமான மருந்துகள் 298.5 மெட்ரிக் தொன். அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். சட்டப்படி அபின் பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்யும் இந்தியா, 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் தன் நோயாளிகளுக்கு மோர்பின் கிடைக்காமல் செய்தது. 2014 இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இலங்கையில் அபினையும் ஆபத்தான மருந்துகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1929 ஆம் ஆண்டுக்குரியது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 1996 இல் ஒக்சிகொன்டின் குளிசையைச் சந்தைக்கு விட்ட அமெரிக்க நிறுவனம், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி, முதுகு நோவுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க வைத்தது. அதன் விளைவை அந்த நாடு இன்னும் அனுபவிக்கிறது. யுத்தத்துக்குப் பிந்திய வடக்கில் போதைப்பொருள் என்ன செய்கிறது என்று எந்தத் தாயிடமும் கேட்கலாம். ஆனால் மயலோமாவால் முள்ளந்தண்டு நொறுங்கிக் கிடப்பவருக்கு வைத்தியர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் குளிசையும் சந்தியில் விற்கும் தூளும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால் தண்டனை நோயாளிக்குப் போகிறது. வீட்டில் மோர்பின் வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதும், மிஞ்சினால் கிளினிக்கில் திருப்பிக் கொடுப்பதும் அவசியம்.

சிசிலி பக்தியான கிறிஸ்தவர். வைத்தியர் கையால் உயிரை முடித்துவைக்கும் கருணைக் கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். வலியைச் சரியாகக் கவனித்தால் அந்தக் கோரிக்கை பெரும்பாலும் எழாது என்பது அவருடைய வாதம். இதில் எல்லோரும் அவரோடு ஒத்துப்போவதில்லை. பிடிவாதக்காரர், கூட வேலை செய்வது இலகுவல்ல என்றும் சொல்லப்பட்டவர்.

மூன்றாவது போலந்துக்காரர் மரியன் போஹுஸ் சிஸ்கோ என்ற ஓவியர். 1963 இல் ஒரு காட்சிக்கூடத்தில் அவருடைய ஓவியம் ஒன்றை வாங்கப் போய் ஆரம்பித்த உறவு. போலந்தில் இருந்த அவருடைய மனைவி இறந்த பின் 1980 இல் இருவரும் திருமணம் செய்தார்கள். அப்போது சிசிலிக்கு 61 வயது, அவருக்கு எழுபதுக்கு மேல். மரியனின் ஓவியங்கள் சென் கிறிஸ்டோபரின் சுவர்களில் தொங்கின. 1995 இல் அவர் அங்கேயே இறந்தார்.

சிசிலிக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. 2005 யூலை 14 இல், தான் கட்டிய சென் கிறிஸ்டோபரிலேயே, அங்கு வந்த மற்ற நோயாளிகளைப் போல ஒரு கட்டிலில் இறந்தார். வயது 87.